வழிவழியாக வந்த பழக்கங்களை வேதத்தை வைத்துச் சோதிப்பது எப்படி? கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் வீடுகளில் ஏதாவது ஒரு பழக்கத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். “காலங்காலமா செஞ்சிட்டு வர்றோம், நீ என்ன புதுசா கேக்குற” என்பது ஒன்று. புதிதாக ஒரு சபைக்குப் போக ஆரம்பித்த தம்பியோ மச்சானோ வந்து, “இதெல்லாம் புறஜாதிப் பழக்கம், உடனே விட்ருங்க” என்பது இன்னொன்று. சத்தம் ஏறும், யாரும் வேதத்தைத் திறக்க மாட்டார்கள், கடைசியில் அம்மா அழுவார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஒரு பழக்கத்தை எடுத்து நிதானமாகச் சோதித்து, வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, விடுவதா என்று முடிவெடுப்பது எப்படி என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைக் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்த வீடுகள் அவை. கத்தோலிக்கர்களுக்கு எங்கே வேறுபடும் என்பதையும் இடையில் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாலி கட்டலாமா, பூ வைக்கலாமா, கிறிஸ்துமஸ் மரம் வைக்கலாமா என்று வருஷக்கணக்காக வாதாடுகிற அதே குடும்பங்கள், சாதி பார்த்துப் பெண் எடுப்பதையும், பவுன் கணக்குப் பேசுவதையும், கணவனை இழந்த பெண்ணை மணமேடைக்குப் பின்னால் நிறுத்துவதையும் சோதனைக்கே எடுப்பதில்லை. “கொசுயில்லாதபடி வடிகட்டி, ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள்” என்று மத்தேயு 23இல் ஆண்டவர் சொன்னது நம்மைப் பார்த்தும்தான். ஆகவே எந்தப் பழக்கத்தை முதலில் எடுக்கிறோம் என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. யாரோ ஒருவரை வருத்துகிற பழக்கத்தை முதலில் எடுங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கட்டும்.

தொடங்குவதற்கு முன்: வேதம் பாரம்பரியத்தை எப்படிப் பார்க்கிறது

மாற்கு 7ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். கை கழுவாமல் சாப்பிட்டதற்காகப் பரிசேயர் சீஷர்களைக் குறை சொல்கிறார்கள். இயேசு கை கழுவும் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, கொர்பான் விஷயத்துக்குத் தாவுகிறார். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டிய உதவியை, “இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தாயிற்று” என்று சொல்லிவிட்டால் செய்ய வேண்டியதில்லை. பக்தியின் பேரால் பெற்றோரைக் கைவிட ஒரு வழி. அதைத்தான் அவர், “நீங்கள் போதித்த உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்” என்கிறார். பழக்கம் பழையதா புதியதா என்று அவர் கேட்கவில்லை. அது கட்டளையை என்ன செய்கிறது, வீட்டில் இருக்கிற வயதான மனுஷியை என்ன செய்கிறது என்று பார்த்தார்.

அதற்காகப் பாரம்பரியம் என்றாலே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எரேமியா 35இல் ரேகாபியர் வருகிறார்கள். திராட்சரசம் குடிக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, கூடாரத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று அவர்கள் முற்பிதா யோனதாப் சொன்னது. தேவன் இஸ்ரவேலுக்குக் கொடுத்த கட்டளை இல்லை, வெறும் குடும்ப வழக்கம். ஆனாலும் அதைக் கைக்கொண்டதற்காகக் கர்த்தர் அவர்களை எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். பவுலும் 2 தெசலோனிக்கேயர் 2:15இல் தாங்கள் போதித்த முறைமைகளைக் கைக்கொள்ளச் சொல்கிறார். ஆக, முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

படி 1: பழக்கத்தை அப்படியே எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, யார் செய்கிறார்கள், எப்போது, என்ன சொல்கிறார்கள், செய்யாவிட்டால் என்ன பேச்சு வரும் என்று எழுதுங்கள். நல்லது கெட்டது எதுவும் இப்போது எழுத வேண்டாம்.

“நாங்க நல்ல நேரமெல்லாம் பாக்கிறதில்ல” என்று சொல்கிற வீட்டின் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக் கல்யாணம் எதுவாவது காலை 10.30க்கும் 12க்கும் நடுவே இருக்கிறதா? திங்கட்கிழமை 7.30க்கும் 9க்கும் நடுவே யாராவது வீடு பிரதிஷ்டை வைத்திருக்கிறார்களா? ராகு காலத்தை வாயால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் மண்டபம் பதிவு செய்யப் போகும்போது பெரியப்பா சுவரில் தொங்குகிற தினசரி நாட்காட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார். வாயால் சொல்வதை எழுதினால் போதாது, உண்மையில் நடப்பதை எழுத வேண்டும்.

படி 2: எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள்

வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். ஆச்சிக்கு ஞாபகம் இருக்கும்போதே கேளுங்கள், இதைத் தள்ளிப் போடாதீர்கள். “உங்க கல்யாணத்துல இது இருந்துதா ஆச்சி?” என்று கேட்டாலே சில பழக்கங்கள் அவ்வளவு பழையவை இல்லை என்பது வெளியே வந்துவிடும். அப்புறம் சபையின் பழைய பதிவேடுகள், ஆண்டு விழா மலர்கள்.

நாம் ‘எப்போதும் இருந்தது’ என்று நினைக்கிற பலவற்றுக்கு ஆரம்பம் உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனை 18ஆம் நூற்றாண்டில் மொராவியர் என்ற சீர்திருத்த சபையாரிடமும் ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகளிடமும் வேரூன்றியது. அன்றைக்கு நாம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் போலவே, ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவியர்கள் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுப் போட்டு ஒரு வசனம் எடுத்தார்கள், 1731 முதல் அதைப் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறார்கள்.

தாலிச் சண்டையும் நேற்றைக்கு வந்ததில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய மிஷனரி ராபர்ட் தெ நொபிலி, பூணூலையும் குடுமியையும் சமுதாய அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார், 1623இல் ரோமாபுரி அதற்குச் சம்மதம் கொடுத்தது. பிறகு 1703இல் பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704இல் பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, கல்யாணத்தில் தேங்காய் உடைப்பது, பெண் பிள்ளை வயதுக்கு வந்ததைக் கொண்டாடுவது எல்லாவற்றுக்கும் தடை போட்டார். சண்டை 1744 வரை இழுத்தது. 300 வருஷத்துக்கு முன் தடை போட்டும் சடங்கு வீடு இன்றைக்கும் நடக்கிறது, கூடவே ஜெபமும் நடக்கிறது. வெறும் உத்தரவு போட்டால் ஒரு பழக்கம் போய்விடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ‘புறஜாதியாரிடமிருந்து வந்தது’ என்று கண்டுபிடித்துவிட்டால் விசாரணை முடிந்தது என்று நினைக்காதீர்கள். விருத்தசேதனம் இஸ்ரவேலுக்கு வெளியேயும் இருந்த வழக்கம், எரேமியா 9இல் எகிப்தும் ஏதோமும் மோவாபும் அந்தப் பட்டியலில் வருகின்றன. இதற்கு நேர் எதிராக, தேவனே சொல்லிச் செய்த வெண்கல சர்ப்பத்தை 2 இராஜாக்கள் 18:4இல் எசேக்கியா உடைத்துப் போட்டான், ஜனங்கள் அதற்குத் தூபங்காட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதற்காக. வந்த இடம் பரிசுத்தம் என்பது அதைக் காப்பாற்றவில்லை.

படி 3: வசனத்தை அதிகாரத்தோடு வாசியுங்கள்

வசனம் தேட ஒத்தவாக்கிய அகராதியோ கைபேசிச் செயலியோ போதும். ஆனால் கிடைத்த வசனத்தோடு நிற்காமல் அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். 1871இல் வந்த பழைய மொழிபெயர்ப்பையும் 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிகிற இடத்தில் நின்று யோசியுங்கள்.

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11. “நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.” அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் நிறைவேற வேண்டும் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. சீக்கிரம் திரும்பி வந்துவிடலாம் என்று நம்பாமல், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார் கர்த்தர். அந்தக் கடிதத்தை வாங்கினவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரும்வரை உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த அட்டையைச் சுவரில் ஒட்டுங்கள், தாராளமாக ஒட்டுங்கள், அப்போது ‘இந்த வருஷம் வேலை உயர்வு’ என்பதைவிட எவ்வளவோ பெரிய ஆறுதல் அதில் கிடைக்கும்.

உங்களுக்குச் சாதகமான வசனத்தை மட்டும் பொறுக்குவது இன்னொரு ஆபத்து. “ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு காலமுண்டு” என்று பிரசங்கி 3ஐக் காட்டி நல்ல நேரத்தை நியாயப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உபாகமம் 18:10இல் குறிசொல்லுகிறவனோடு நாள்பார்க்கிறவனையும் சேர்த்துத்தான் தடுத்திருக்கிறது என்பதையும் அவர்கள் வாசிக்க வேண்டும்.

கத்தோலிக்கர்களுக்கு இந்தப் படியில் கொஞ்சம் வேறுபடும். திருச்சபையின் மரபையும் வேதத்தோடு சேர்த்துக் கணக்கில் எடுப்பது அவர்கள் போதனை, அவர்கள் வேதாகமத்தில் கூடுதல் புத்தகங்களும் உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதற்கு 2 மக்கபேயர் 12 அவர்களுக்கு ஆதாரம், சீர்திருத்த சபையார் அந்தப் புத்தகத்தை வேதத்தோடு சேர்ப்பதில்லை. கலப்புக் குடும்பத்தில் இதைப் பேசும்போது இந்த வித்தியாசத்தை முதலிலேயே மேசையில் வைத்துவிடுங்கள், வீண் சண்டை மிச்சம்.

படி 4: மூன்றாகப் பிரியுங்கள்

இப்போது பழக்கம் மூன்றில் ஒன்றில் விழும். வேதம் செய்யச் சொன்னது, செய்யாதே என்றது, ஒன்றும் சொல்லாமல் விட்டது. முதல் இரண்டுக்கும் அதிக யோசனை தேவையில்லை. நம் பழக்கங்களில் பாதிக்கு மேல் மூன்றாவதில்தான் வரும்.

நம் பக்கத்துப் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் (ஊர்ப் பொது விருந்து) வேதத்தில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. ஆனால் ஊரே அரிசியும் ஆடும் கொடுத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு அருமையான காரியம்! அதைவிட வேதத்துக்கு நெருக்கமான பழக்கம் நம்மிடம் அதிகம் இல்லை என்றே நான் சொல்வேன், பந்தியில் எல்லாரும் உண்மையிலேயே சேர்ந்து உட்காருகிற வரைக்கும்.

தாலியும் இந்தக் கூறில்தான். சிலுவையோ வேதப் புத்தகமோ பொறித்த தாலியைச் சபையின் குருவானவரான ஐயர் ஜெபித்துக் கொடுத்துக் கட்டுகிற வீடும் உண்டு, மோதிரம் மாற்றுகிற வீடும் உண்டு. இங்கே பவுல் செய்ததைப் பாருங்கள். அப்போஸ்தலர் 16இல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணினார். கலாத்தியர் 2இல் தீத்துவுக்குப் பண்ணச் சம்மதிக்கவே இல்லை. தீமோத்தேயு விஷயத்தில் அது யூதர்களிடம் போய்ப் பேச ஒரு வசதி. தீத்து விஷயத்தில், இது இல்லாமல் நீ முழுக் கிறிஸ்தவன் இல்லை என்று சிலர் கட்டாயப்படுத்தினார்கள், அதனால் அசையவில்லை. ஆகையால் தாலி கட்டினால் கட்டுங்கள். தாலி இல்லாவிட்டால் கல்யாணமே செல்லாது என்று யாராவது நின்றாலோ, கட்டினவள் இரட்சிக்கப்படாதவள் என்று யாராவது சொன்னாலோ, இரண்டு பேருக்கும் கலாத்தியர் 2ஐ வாசித்துக் காட்டுங்கள்.

படி 5: பாரம் யார் தலையில் விழுகிறது?

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம், நாம் வழக்கமாகத் தாண்டிப் போவதும் இதைத்தான். கொர்பானில் பாரம் வயதான பெற்றோர் தலையில் விழுந்தது. உங்கள் பழக்கத்தில் யார் தலையில்?

மகளுக்குக் கல்யாணம். பத்து வருஷமாக ஒற்றை ஆளாக நின்று அவளை வளர்த்து, படிக்க வைத்து, சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தது அம்மா. கோவிலுக்குள் ஊர்வலம் வரும்போது அம்மா மட்டும் நான்காவது பெஞ்சில். தாலியை எல்லாரும் தொட்டுக் கொடுக்கிறார்கள், தட்டு அவர் பெஞ்சுக்குப் போகவில்லை. சித்தி வந்து காதில், “அக்கா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க” என்கிறார். யாரும் அவரைத் திட்டவில்லை, எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். இதற்கு வேதத்தில் ஒரு வரி ஆதாரம் காட்டுங்கள் பார்க்கலாம். லூக்கா 2இல் குழந்தை இயேசுவை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டு வந்தபோது முன்னால் வந்து கர்த்தரைப் புகழ்ந்தவள் அன்னாள், ஏழு வருஷம் மட்டும் கணவனோடு வாழ்ந்த விதவை. விதவைகளை விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்கிறது புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம். இந்த ஒரு பழக்கத்தை விடுவதற்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், அடுத்த கல்யாணத்தில் அம்மாவைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தால் போதும்.

வரதட்சணையைப் பாருங்கள். “பைபிளிலேயே சீதனம் இருக்கே” என்பார்கள். இருக்கிறது. பார்வோன் கேசேர் பட்டணத்தைத் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தான், காலேப் தன் மகள் அக்சாளுக்கு அவள் கேட்டபடியே நீரூற்றுகளைக் கொடுத்தான். ஆனால் தகப்பன் மனமுவந்து மகளுக்குக் கொடுத்தது அது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து, இத்தனை பவுன், இன்ன கார் என்று கேட்டது எங்கே இருக்கிறது? வேதத்தில் கல்யாணப் பணம் பெரும்பாலும் மாப்பிள்ளை பக்கமிருந்துதான் போகிறது. யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் வேலை செய்தான். யாத்திராகமம் 22இல் பரிசம் கொடுப்பது ஆண். 1961இலேயே நாட்டுச் சட்டமும் தடுத்துவிட்டது. அப்படியும் ‘நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்றத செய்ங்க’ என்கிற அந்த வாக்கியம் நிச்சயதார்த்த ஜெபம் முடிந்த கையோடு வருகிறது, பெண்ணின் அப்பா அன்றைக்கு ராத்திரி தூங்குவதில்லை.

சாதியைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்பட வேண்டும் என்று தென்னிந்தியத் திருச்சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்கவில்லை, சிலர் சபையையே விட்டுப் போனார்கள். நாம் இன்றும் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி விஷயத்தில் மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். பாட்டு எவ்வளவு பக்தியாக இருந்தாலும் அதை எழுதினவரின் பழக்கத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன், அவர் பாட்டை நான் தள்ளவில்லை. கத்தோலிக்கர் பக்கம், வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவில் இரண்டு சாதிக்கும் இரண்டு பகுதியாகவே கட்டப்பட்டது, நடுவில் இருந்த தடுப்பை 1910இல்தான் இடித்தார்கள். சுவர் போய்விட்டது. தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன. திருமண விளம்பரத்தில் ‘இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற’ என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கிறது.

கலாத்தியர் 2ஐ இன்னொரு தடவை திறங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினான். சொந்தக்காரர் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான், வேறென்ன? பவுல் அதை மரியாதைக் குறைவு என்றோ வழக்கம் என்றோ விடவில்லை, அவன் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். சாதி ‘சமூக விஷயம்’, ‘விசுவாச விஷயம்’ இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்தைத் தாண்டிப் போகவே முடியாது.

படி 6: விட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?

பிள்ளையின் தலையணைக்குக் கீழே பைபிள் வைப்பது, பயணத்துக்கு முன் 91ஆம் சங்கீதம் வாசிப்பது. நல்ல பழக்கம்தான். ஒரு நாள் மறந்துவிட்டால் மனம் பதறுகிறதா? ‘அன்னைக்கு வாசிக்காம போனோம், அதான் வண்டி மோதிச்சு’ என்று பேச்சு வருகிறதா? வந்தால், சங்கீதம் நெகுஸ்தானாக, அதாவது அந்த வெண்கல சர்ப்பமாக, மாற ஆரம்பித்துவிட்டது. எசேக்கியாவைப் போல உடைக்க வேண்டியதில்லை. சங்கீதத்தை வாசியுங்கள், சாத்தான் அதே சங்கீதத்தைத்தான் இயேசுவிடம் மேற்கோள் காட்டினான் என்பதை மத்தேயு 4இல் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள், பயம் தானாகக் குறையும்.

படி 7: வீட்டில் பேசுவது

தனியாகக் கண்டுபிடித்ததைக் கல்யாண வீட்டில் போய் அறிவிக்காதீர்கள். இழவு வீட்டில் வேண்டவே வேண்டாம். முப்பதாம் நாள் ஜெபக்கூட்டம் வேதத்தில் இல்லை என்று சொல்ல, முப்பதாம் நாள் சரியான நாள் இல்லை. இரண்டு மாதம் கழித்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசுங்கள்.

முடிவோடு போகாமல் கேள்வியோடு போங்கள். “அம்மா, இத ஏன் செய்றோம்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?” என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேளுங்கள். பிறகு வேதத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காக லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்கிறார். அம்மாவுக்கும் அந்த உரிமை உண்டு, நீங்கள் சொன்னதையும் அவர்கள் ஆராயலாம். ஐயரையோ போதகரையோ கூப்பிடலாம், ஆனால் அவர் சொல்வதையும் அதே மாதிரி வசனத்தோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது கூறில் விழுந்த பழக்கங்களுக்கு ரோமர் 14ஐக் கைவிடாதீர்கள். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும். லெந்து நாட்களில் (தவக்காலத்தில்) கறி சாப்பிடாத அத்தை வீட்டுக்கு அந்த நாளில் பிரியாணி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஆனால் ஐந்தாம் படியில் சிக்கின பழக்கத்துக்கு இந்த அதிகாரத்தைக் கேடயமாகப் பிடிக்க யாரையும் விடாதீர்கள். பவுல் ரோமர் 14இல் பொறுத்துக்கொள்ளச் சொன்னது மரக்கறியையும் நாட்களையும், அந்தியோகியாவில் பிரிந்த பந்தியை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை.

படி 8: முடிவை எழுதி வையுங்கள்

நோட்டில் பழக்கம், வாசித்த பகுதிகள், எடுத்த முடிவு, தேதி, ஒத்துக்கொள்ளாதவர் யார், அவர் சொன்ன காரணம் எல்லாம் எழுதுங்கள். அந்தக் கடைசிக் காரணத்தை நேர்மையாக எழுதுவது முக்கியம். நீங்கள் இன்று எடுக்கிற முடிவும் இருபது வருஷத்தில் இந்த வீட்டின் பாரம்பரியம் ஆகிவிடும், உங்கள் பிள்ளைகளும் அதைச் சோதிக்க வேண்டும். விடுகிற பழக்கத்தின் இடத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். சடங்கு வீட்டை விடுகிறீர்கள் என்றால், அந்தப் பெண்ணிடமே கேட்டு, அவள் விரும்பினால் அம்மாவும் அத்தைமார்களும் மட்டும் உட்கார்ந்து ஜெபித்து, புதுத் துணி எடுத்துக் கொடுத்து, மாற்கு 5இல் பெரும்பாடுள்ள ஸ்திரீயை ஆண்டவர் ‘மகளே’ என்று அழைத்ததை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பத்திரிகை, பந்தல், ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். கல்யாணத்தில் பவுன் பேச்சை விடுகிறீர்கள் என்றால், அதை உங்கள் மகள் கல்யாணத்தில் தொடங்காதீர்கள், மகன் கல்யாணத்தில் தொடங்குங்கள். பெண் வீட்டாரிடம் முதல் சந்திப்பிலேயே, தரகர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.